ஐயருடைய பூசை ஏன் சுருங்கியது?

நயினாதீவின் வடக்குக் கரையில் உள்ள சின்ன முருகன் கோயிலில் இந்த வருடம் பின்னேரப் பூசை சொன்ன நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஊர் சந்தேகப்பட அது போதுமாக இருந்தது.

வேறு ஊரில் இதை யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள். ஆனால் சோமநாதக் குருக்களின் பூசைக்குப் பெயர் வந்ததே அதன் நீளத்தால்தான். மணி அடித்து, தீபம் காட்டி, முடிந்தது என்று சனம் கையெடுத்துக் கும்பிட்ட பிறகு அவர் அப்படியே நின்று யோசிப்பார். பிறகு முதலில் இருந்து தொடங்குவார். மூலஸ்தானத்துக்குள் போக முன் கிணற்றடியில் கை கழுவுவார். கழுவிய கையைத் திருப்பிப் பார்ப்பார். மறுபடியும் வாளியை இறக்குவார். கடைசி லோஞ்சுப் படகைப் பிடிக்க வேண்டிய அக்கரைச் சனம் விபூதி வாங்காமலே துறைக்கு ஓடும். ஓடினாலும் குறை சொல்லாது. இப்படி ஆசாரம் பார்க்கிற ஐயர் இந்தத் தீவுகளில் வேறு இல்லை என்று புங்குடுதீவில் போய்ப் பெருமை பேசும்.

போன வருடத் தேர்த் திருவிழாவில் அந்தப் பெருமை உச்சிக்குப் போனது. முருகன் தேரில் ஏறிவிட்டார். வடத்தைச் சனம் பிடித்துவிட்டது. தேரடிப் பூசைக்குச் சங்கற்பம் சொல்ல வேண்டும். இன்ன நாளில், இன்ன ஊரில், இன்ன காரியத்துக்காக இதைச் செய்கிறோம் என்று குருக்கள் தொடக்கத்தில் சொல்லும் வாசகம் அது. சோமநாதன் சொன்னார். திரும்பச் சொன்னார். கண்ணால் நீர் வழிய, வெயில் ஏற ஏற, விடாமல் சொல்லிக்கொண்டே நின்றார். நல்ல நேரம் தாண்டிப் போனது. யாரோ ஒரு பெண் "முருகா" என்று விழுந்தாள். இன்னொருவர் அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார். குருக்களுக்கு அருள் வந்தது என்ற தலைப்போடு அது ரொறன்ரோ வரை போனது.

அப்படிப்பட்டவர் இப்போது ஒருதரம் சொல்கிறார், ஒருதரம் கழுவுகிறார், விபூதியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். முகத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. பிரகாரத்தில் யாரோ சொன்ன பகிடிக்குச் சத்தமாகச் சிரித்தும் இருக்கிறார். எல்லாவற்றையும் விட, மாதத்துக்கு ஒருதரம் காலை லோஞ்சில் யாழ்ப்பாணம் போய் வருகிறார். போகும்போது வேட்டி, சால்வை. பண்ணைப் பாலத்தடியில் அவரைக் கண்டவர்கள் சொன்னது வேறு: நீளக் காற்சட்டை, கட்டம் போட்ட சேர்ட், குடுமியை உள்ளே மறைத்து நீலத் தொப்பி.

இந்தத் தகவல்கள் எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் பாலசிங்கம். கோயில் மனேச்சர். உப தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பனங்காணியும் வயலும் உண்டு. பிள்ளைகள் இருவரும் கனடாவில். கோயில் கதவைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். கேற் வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொருதரம் இழுப்பார். அவருக்குச் சந்தேகம் ஒரு கடமை மாதிரி.

இந்தச் சந்தேகத்துக்கு அவரிடம் காரணமும் இருந்தது. சோமநாதனின் சித்தப்பா மகன் சுதர்சனன், பக்கத்துக் கோயிலில் பூசை செய்தவர், இப்படித்தான் நீளக் காற்சட்டையோடு பட்டினம் போய் வந்தார். எங்கே போகிறீர் என்று கேட்டால் பல்லுக்கொதி என்றார். அடுத்து அந்தக் கோயில் கண்டது, சுவிசில் பனிக்குள் அவர் நிற்கிற படத்தை. திருவிழாவுக்கு ஆளில்லாமல் அவர்கள் பட்ட பாட்டை ஊர் இன்னும் மறக்கவில்லை.

கொடியேற்றம் நெருங்கிய நேரத்தில் சோமநாதன் தானாகவே வந்து ஒன்று கேட்டார். திருவிழாவின் நடுவில் ஒரு பகல் மட்டும் அக்கரைக்குப் போய் வரலாமா?

பாலசிங்கம் நிமிர்ந்து பார்த்தார். கேள்வியே பிழை. கொடியேற்றத்தன்று திருவிழாவை நடத்தும் குருக்களின் கையில் காப்புக் கட்டுவார்கள். அது அவிழும் வரை அவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. நயினாதீவில் எல்லை என்பது கடல். இது சோமநாதனுக்குத் தெரியாத விஷயம் அல்ல. அவருடைய தகப்பனும் அதே கோயிலில் காப்புக் கட்டியவர்.

"காப்போடை கடல் தாண்டேலுமோ, ஐயா?"

"தாண்டேலாது. அதுதான் கேட்டனான்."

"என்ன அலுவல்?"

"கைக்கு மருந்து எடுக்கிற நாள்."

பாலசிங்கம் அந்தக் கைகளைப் பார்த்தார். முந்தி அவை வெடித்து, வெளிறி, விரல் இடுக்கில் இரத்தம் கசிந்து இருந்தன. இப்போது எந்தக் குறையும் இல்லை. அன்று பின்னேரமே அவர் காரைநகருக்கு அழைப்பெடுத்து, அவசரத்துக்கு ஒரு குருக்கள் கிடைப்பாரா என்று விசாரித்து வைத்தார். சோமநாதனுக்கும் அது எட்டியது. தீவில் எட்டாமல் இருக்காது. இந்த முறை காப்பு வேறு கையில் ஏறினால், பிறகு கோயிலும் அந்தக் கைக்கே போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

வீட்டிலும் நிலைமை நன்றாக இல்லை. மனைவி லலிதாம்பிகை குசினிக்குள் இருந்தபடியே, கைப்புண் ஆறிவிட்டதே, பிறகும் ஏன் போகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டார். தோல் வருத்தம் திரும்ப வரும் என்றார் சோமநாதன். அதற்குப் பிறகு லலிதாம்பிகை கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டதுதான் சோமநாதனுக்குப் பயமாக இருந்தது.

கொடியேற்றத்துக்கு முந்திய கிளினிக் நாளில் சோமநாதன் காலை லோஞ்சில் ஏறியபோது, பாலசிங்கம் ஏற்கனவே பின்பக்கத்தில் குடையோடு இருந்தார். லோஞ்சில் கயிறு கட்டுகிற டெனிஸ்ரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மனேச்சர் வழமையாக ஐயருக்குப் பக்கத்தில் இருந்து கோயில் கதை கதைக்கிறவர். இன்று குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு இருந்தார். கூரைக்குக் கீழே.

குறிகட்டுவானில் இறங்கி ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு ஒருவர். வேலணையில் சோமநாதன் சால்வையை மடித்துப் பைக்குள் வைத்து, சேர்ட்டைப் போட்டார். மண்டைதீவுச் சந்தி கடக்கும்போது தொப்பி ஏறியது. காற்சட்டை வேட்டிக்குள் முதலே இருந்திருக்க வேண்டும். பாலசிங்கத்துக்கு இனிச் சந்தேகம் இல்லை. கடவுச்சீட்டு, இல்லாவிட்டால் ஏஜென்சிக்காரன். படம் எடுத்துச் சாட்சி வைக்கக் கைத்தொலைபேசியைச் சேர்ட்டுப் பையில் தயாராக வைத்தார்.

ஆனால் சோமநாதன் ஆசுபத்திரிக்குள் போனார். தோல் கிளினிக்கைத் தாண்டிப் போனார். அப்படியென்றால் பெண் விவகாரம், தாதி யாரோ, என்று பாலசிங்கம் கணக்கை மாற்றிக்கொண்டு பின்னால் நடந்தார். ஒரு நீளமான விறாந்தையில் வாங்குப் பலகையில் வரிசையாக ஆட்கள். சோமநாதன் இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு நடுவில் போய் இருந்தார். சுவரில் இருந்த பெயர்ப்பலகையைப் பாலசிங்கம் வாசித்தார். மனநல சிகிச்சைப் பிரிவு. தான் ஒளிந்து வந்ததை மறந்து அதை இன்னொருதரம் வாசித்தார்.

"அப்பு, புதுசோ? துண்டு எடுத்தனீங்களோ?" என்று ஊழியர் ஒருவர் கேட்டார்.

"நான் வருத்தக்காரன் இல்லை" என்றார் பாலசிங்கம், கொஞ்சம் உரத்து.

வாங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த ஊழியர் இதைத் தினமும் கேட்கிறவர். "ஓம் ஓம், இருங்கோ" என்று இடத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

சோமநாதனும் திரும்பியிருந்தார். ஓடவில்லை. தொப்பியைக் கழற்றவும் இல்லை. பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளி இருக்கச் சொல்லி இடம் விட்டார்.

"இருங்கோ, மனேச்சர். நிண்டால் இன்னும் பார்ப்பினம்."

பாலசிங்கம் இருந்தார். "ஆருக்குச் சுகமில்லை?"

"எனக்குத்தான்."

"கைக்கு எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"கைப்புண் மாறீட்டுது. அதை அப்பிடி வெடிக்க வைச்சதுக்குத்தான் இஞ்சை மருந்து."

துண்டு இலக்கம் மெதுவாக நகர்ந்தது. சோமநாதன் அடிக்குரலில், விறாந்தைத் தரையைப் பார்த்தபடி சொன்னார். முதலில் தோல் வைத்தியரிடம்தான் வந்தாராம். அவர் பூசுமருந்து எழுத முன் ஒரு கேள்வி கேட்டார்: ஏன் இவ்வளவு கழுவுகிறீர்கள்? ஊரில் இத்தனை வருடமாக யாரும் அதைக் கேட்டதில்லை. ஊர் கும்பிட்டது. கேட்டதும் சோமநாதனுக்கு வாய் திறந்துவிட்டது. கழுவிய கை கழுவாத கை போல இருக்கும். சொன்ன மந்திரம் சொல்லாதது போல இருக்கும். ஒரு சொல் தவறியிருந்தால் அந்தப் பழி ஊரில் விழும் என்று நெஞ்சு அடிக்கும். ஒருமுறை டெனிஸ்ரனின் லோஞ்சு நடுக்கடலில் எஞ்சின் நின்று மிதந்தது. அன்று காலைப் பூசையில் தான் எதையோ விட்டதால்தான் என்று சோமநாதன் பல நாள் சாப்பிடவில்லை. பிறகு தன் பூசையைத் தானே கைத்தொலைபேசியில் பதிந்து வைத்து, வீட்டில் போட்டுக் கேட்டார். கேட்டு முடிந்ததும், சரியாகக் கேட்டேனா என்ற சந்தேகம் வந்தது.

அந்தத் தோல் வைத்தியர்தான் இந்த வாங்குக்கு அனுப்பியவர். முதல்முறை சோமநாதன் வேட்டி சால்வையோடு வந்தாராம். யாரும் அவரை நோயாளியாக எண்ணவில்லை. மந்திரிக்க வந்தவர் என்று நினைத்து ஒரு தாய் தன் மகனைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தி, விபூதி போடச் சொன்னாள். போட்டுவிட்டார். போட்டேனோ என்ற சந்தேகத்தில் இன்னொருதரமும் போட்டார். அதற்குப் பிறகுதான் தொப்பி.

பாலசிங்கம் இதை எல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தார். நம்புவதா என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

"போன வருசத் தேரிலை உங்களுக்கு அருளெல்லோ வந்தது" என்றார்.

"அருள் இல்லை, மனேச்சர். திருவிழாவிலை குளிசை போடுறது பிழை எண்டு, அப்பதான் தொடங்கின மருந்தை நானே நிப்பாட்டிப்போட்டன். சங்கற்பம் சொன்னனானோ இல்லையோ எண்டு தெரியேல்லை. அதுதான் திரும்பத் திரும்பச் சொன்னனான். கால் எடுக்க ஏலாமல் நிண்டு அழுதனான்."

"அந்தப் படத்தை நான்தான் ரொறன்ரோவுக்கு அனுப்பினனான்."

"தெரியும்."

"அதைப் பார்த்துத்தான் இந்த வருசம் எல்லா நாள் திருவிழாவுக்கும் காசு கட்ட உபயகாரர் போட்டி போட்டுக்கொண்டு நிக்கினம்."

"அதுவும் தெரியும்."

பாலசிங்கம் கொஞ்ச நேரம் குடைப்பிடியைத் தடவினார். "அப்ப இந்த முறை அப்பிடி வராதோ?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது என்னவென்று அவருக்கு விளங்கியது. சோமநாதன் சிரித்துவிட்டார்.

"வராமல் இருக்கத்தான் குளிசை."

அடுத்த கேள்வியைப் பாலசிங்கம் மெதுவாகக் கேட்டார். மனேச்சராக அதைக் கேட்காமல் விட அவரால் முடியவில்லை. இப்படி இருக்கிறவர் காப்புக் கட்டலாமா?

"சித்தம் கலங்கினவன் கட்டக் கூடாது எண்டுதான் நானும் படிச்சனான்" என்றார் சோமநாதன். "நான் அந்த வகையோ எண்ட பயத்திலைதான் இத்தனை வருசம் இஞ்சை வராமல் இருந்தனான். வராமல் இருந்தபோதுதான் கட்டக் கூடாத ஆளாக இருந்தனான். இப்ப கட்டலாம். ஆனால் குளிசையை விட மாட்டன். அதுக்குச் சம்மதம் இல்லையெண்டால் காரைநகர் ஆளை வரச் சொல்லுங்கோ."

காரைநகர் என்றதும் பாலசிங்கம் இருமினார்.

இலக்கம் வந்தது. வைத்தியர் தர்சினி இளம் பெண். கூட வந்திருப்பவர் யார் என்று கேட்டார். கோயில் மனேச்சர் என்று சோமநாதன் சொன்னதும், நல்லது, உள்ளே வாருங்கள் என்று கதிரையைக் காட்டினார். பாலசிங்கம் ஆசாரம் பற்றி ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் வைத்தியர் அவருக்கு வேலை கொடுத்துவிட்டார். மருந்து ஒரு மாதத்துக்குத்தான் கொடுக்கப்படும். திருவிழாவின் நடுவில் முடிந்துவிடும். குருக்கள் வர முடியாது என்றால் நம்பிக்கையான ஒருவர் வந்து வாங்கலாம். அது ஒன்று. மற்றது கொஞ்சம் கடினம் என்றார். நெருக்கடியான நேரத்தில் இவர் உங்களிடம் கேட்பார், நான் சொன்னேனா, நான் செய்தேனா என்று. பதில் சொல்லக் கூடாது.

"ஓம் எண்டு சொன்னால் என்ன குறை, பிள்ளை? மனிசன் ஆறுதல் அடையட்டுமன்."

"அடைவார், ஐயா. கொஞ்ச நேரத்துக்கு. பிறகு, நீங்கள் வடிவாய்ப் பார்த்தனீங்களோ எண்டு கேப்பார்."

பாலசிங்கம் தன் கோயில் பூட்டை நினைத்தாரோ என்னவோ, சரி என்று தலையாட்டினார்.

திரும்பும்போது இருவரும் லோஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்தார்கள். டெனிஸ்ரன் அதைக் கண்டான். துறையில் கயிறு கட்டி முடிக்க முன் ஊருக்குக் கதை தயாராகிவிட்டது: ஐயர் சுவிசுக்குக் காசு கட்டப் போன இடத்தில் மனேச்சர் கையும் களவுமாகப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். பாலசிங்கத்தின் காதுக்கும் அது வந்தது. அவர் மறுக்கவில்லை. ஆளைக் காப்பாற்றும் பொய், தனக்கும் பெருமை தரும் பொய். ஏன் மறுக்க வேண்டும்? காரைநகருக்கு அழைப்பெடுத்து, தேவைப்படாது என்றார்.

வீட்டில் சொல்வதுதான் சோமநாதனுக்குக் கடினமாக இருந்தது. லலிதாம்பிகை தேங்காய் துருவிக்கொண்டு இருந்தபோது நின்றபடியே சொன்னார். துருவுபலகையில் இருந்து அவர் எழும்பவில்லை.

"கற்பூரத் தகரப்பேணிக்குள்ளை குளிசையைக் கண்டு கனநாள்" என்றார். "நான் இருதயம் எண்டு நினைச்சுப்போட்டன். பூசைக்குள்ளை விழுந்துபோவியள் எண்டு பயந்து, மணிச்சத்தம் நிண்டால் ஓடிவந்து பார்க்கிறனான். இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லையோ?"

"பயித்தியம் எண்டு நினைப்பீரோ எண்டு…"

"கிணத்தடியிலை நிண்ட நிலையைப் பார்த்து நான் நினைக்காததோ?" லலிதாம்பிகை துருவிய பாதியைத் திருப்பிப் பிடித்தார். "பேணியை மாத்துங்கோ. குளிசையிலை கற்பூரம் மணக்கும்."

கொடி ஏறியது. காப்பு சோமநாதனின் கையில் ஏறியது. பகல் முழுக்க விரதம். இரவு ஒருநேரச் சாப்பாட்டுக்குப் பிறகு குளிசை. பூசைகள் நேரத்துக்கு முடிந்தன. உபயகாரர்கள் ஏமாந்து போனார்கள். ரொறன்ரோவில் இருந்து ஒருவர், தன் திருவிழாவில் மட்டும் ஏன் அருள் வரவில்லை, ஐயருக்குத் தன்னில் என்ன கோபம் என்று பாலசிங்கத்தைக் கேட்டார். அது கேட்டு வருவதில்லை என்று பாலசிங்கம் சமாளித்தார். நன்மை தீமை பேசும் இடமெல்லாம் சோமநாதனின் பெயர் அடிபட்டது: சுவிசுக்கு விடாத கோபத்தில் அரைகுறையாகச் செய்கிறார். சோமநாதன் இதையும் அறிந்துதான் இருந்தார். நீளமாகச் செய்தால் ஒரே நாளில் பழைய பெயர் திரும்பி வந்துவிடும். கிணற்றடியில் ஒருநாள், கை கழுவி முடிந்த பிறகும், வாளியைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். பிறகு இறக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

மருந்து முடியும் நாள் வந்தது. பாலசிங்கம் காலை லோஞ்சில் ஏறினார். ஆசுபத்திரி வாங்கில் தெரிந்தவர் யாரும் கண்டுவிடுவார்களோ என்று பேரன் விட்டுப்போன தொப்பி ஒன்றைப் பைக்குள் வைத்திருந்தார். அது பைக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

"திருவிழாவுக்குள்ளை எங்கை, மனேச்சர்?" என்று டெனிஸ்ரன் கேட்டான்.

"தோல் டொக்டரிட்டை."

டெனிஸ்ரன் அவருடைய கைகளைப் பார்த்தான். பிறகு தொப்பியைப் பார்த்தான். கயிற்றை அவிழ்த்தான்.

தேரன்று கூட்டம் போன வருடத்தைவிடப் பெரிது. படத்தைப் பார்த்து வந்தவர்கள். முருகன் தேரில் ஏறினார். வடத்துக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். இன்னும் நேரம் இருக்கிறது என்று சிலர் நிழலில் குந்தினார்கள். கைத்தொலைபேசிகள் உயர்ந்தன. பாலசிங்கமும் தன்னுடையதை உயர்த்தி, ரொறன்ரோக்காரருக்கு நேரடியாகக் காட்டிக்கொண்டு தேர்ச்சில்லுக்குப் பக்கத்தில் நின்றார்.

சோமநாதன் தர்ப்பையை விரலில் மாட்டிச் சங்கற்பம் சொன்னார். பூவைப் போட்டார். பூசை நடந்தது. தீபம் காட்ட வேண்டிய இடத்தில் கை நின்றது.

கூட்டம் மூச்சை அடக்கியது. வருகிறது என்று யாரோ பின்னால் சொன்னார்கள். சோமநாதனின் நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்து கண்ணுக்குள் வந்தது. அவர் தேர்த்தட்டில் இருந்து குனிந்து, சில்லடியில் நின்றவருக்கு மட்டும் கேட்கக் கேட்டார்.

"மனேச்சர், சங்கற்பம் சொன்னனானோ?"

ஓம் என்ற ஒரு சொல் போதும். பாலசிங்கத்தின் வாயில் அது வந்தும்விட்டது. வைத்தியர் சொன்னது நினைவுக்கு வந்தது. அதோடு இன்னொன்றும் அவருக்கு உறைத்தது. அவர் உண்மையிலேயே கவனிக்கவில்லை. ரொறன்ரோக்காரர் படம் ஆடுகிறது என்று கத்தியதில், கைத்தொலைபேசியைச் சரிபார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"தெரியாது, ஐயா" என்றார். "வடத்தைப் பிடிக்கச் சொல்லட்டோ?"

சோமநாதன் அவரைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த தீபத்தைப் பார்த்தார். அதைத் தூக்கி ஒருதரம் காட்டினார்.

"பிடிக்கச் சொல்லுங்கோ."

நிழலில் குந்தியவர்கள் எழும்பி ஓடிவர முன் தேர் நகர்ந்துவிட்டது. ஐயர் தேர்த்தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் நின்று போனார், திரும்பிப் பார்க்கவில்லை. பாலசிங்கம் சில்லுக்குப் பின்னால் நடந்தார். சொன்னாரா, சொல்லவில்லையா என்ற கேள்வி வீதி முழுவதும் அவரோடு வந்தது. கைத்தொலைபேசியில் படம் இருந்தது. நிறுத்தி, பின்னுக்குத் தள்ளிப் பார்த்திருக்கலாம். இரண்டுதரம் விரல் அதற்குப் போனது. பிறகு அவர் கைத்தொலைபேசியைச் சேர்ட்டுப் பைக்குள் போட்டுவிட்டு வடத்தில் கை வைத்தார்.